இயல்புத் திறன்

முப்பத்தாறு ஆண்கள் ஒரே நேரத்தில் சுண்டுவிரலை நீட்டி மேசையில் இரண்டு முறை தட்டினார்கள். டக், டக்.

அமலியின் கையிலிருந்த தட்டு நழுவப் பார்த்தது. சமாளித்துப் பிடித்துக்கொண்டாள். பயிற்சிக் கூடத்துக்கு அவள் வருவது அதுவே முதல் தடவை. சவ்வுத் துண்டுகளைக் கொண்டுவந்து கொடுக்கும் ஆள் அன்றைக்கு விடுப்பு என்பதால் அவளை அனுப்பியிருந்தார்கள்.

கூடத்தில் வரிசை வரிசையாக நுண்ணோக்கிகள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஓர் ஆண். ஒவ்வொருவர் கையிலும் முழங்கை வரைக்கும் சாம்பல் நிற உறை. உறைக்குள் ஓடிய மெல்லிய கம்பிகள் அவர்கள் விரல்களை இழுத்தன, மடக்கின, நிமிர்த்தின. ஊசி சவ்வுக்குள் போய் வந்தது. ஏழு தையல். உடனே எல்லாச் சுண்டுவிரல்களும் மறுபடி நீண்டன. டக், டக்.

அது அவளுடைய விரல்.

ஒன்பது வயதில் எலத்தகிரி மாவு மில்லில் பெல்ட்டுக்குள் மாட்டி நசுங்கிய விரல் அது. அன்றிலிருந்து கொஞ்ச நேரம் மடக்கி வைத்தால் மரத்துப்போகும். தையல் வேலைக்கு வந்த பிறகு ஏழு தையலுக்கு ஒரு தடவை அதை நீட்டி, மேசையில் இருமுறை தட்டி உயிர் வரவழைத்துக்கொள்வாள். பத்தொன்பது வருஷப் பழக்கம். வேறு யாருக்கும் அப்படிச் செய்ய ஒரு காரணமும் கிடையாது.

"தம்பி, இந்தச் சுண்டுவிரலைத் தட்டுறது எதுக்கு?" என்று பயிற்சியாளரிடம் கேட்டாள். திவாகர் என்று பெயர். முப்பது வயதிருக்கும். தன்மையான பையன்தான்.

"அதுங்களாக்கா? ஓய்வு அசைவு. தசை களைச்சுப் போவாம இருக்க விஞ்ஞானிங்க கண்டுபிடிச்சதாம். மேனுவல்ல நாலாவது பாடமே அதான்."

"விஞ்ஞானிங்களா?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

அமலி தட்டைக் கீழே வைத்தாள். தன் வலது கையை மேசைமேல் வைத்துச் சுண்டுவிரலை நீட்டினாள். நுனி தட்டையாக, நகம் பாதியாக, ஒரு பக்கம் கோணிய விரல். இருமுறை தட்டிக் காட்டினாள். திவாகர் அந்த விரலைப் பார்த்தான், பிறகு கூடத்தைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது.

ஒசூரில் அந்தத் தொழிற்சாலை செய்வது இதய வால்வு. பழுதாகிப்போன மனித இதயத்துக்குள் வைப்பது. மாட்டு இதயத்தை மூடியிருக்கும் மெல்லிய சவ்வை வெட்டி, ஒரு கம்பி வளையத்தின்மேல் வைத்துத் தைக்க வேண்டும். ஒரு வால்வுக்கு ஆயிரத்துக்கு மேல் தையல். தலைமுடியைவிட மெல்லிய நூல். ஒரு தையல் இறுகினால் சவ்வு கிழியும், தளர்ந்தால் ரத்தம் கசியும். எந்த இயந்திரத்தாலும் அதைச் செய்ய முடியவில்லை. ஆகவே பெண்களை உட்கார வைத்தார்கள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், தரப் பரிசோதனை என்று சொல்லி, இருப்பதிலேயே பிழை குறைவாகத் தைக்கும் அமலியை ஆறு வாரம் இதே மாதிரி ஒரு உறையை மாட்டிக்கொண்டு தைக்கச் சொன்னார்கள். முடிந்ததும் கைதட்டி, சோறு ஆறாமல் இருக்க ஒரு ஹாட்பாக்ஸ் பரிசு கொடுத்தார்கள். அவள் அதை மறந்தே போயிருந்தாள். அந்த உறை அவள் கையைப் பதிவு செய்துகொண்டிருந்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

பதிவு செய்ததைக்கூட அவள் மன்னித்திருப்பாள். அவளால் மன்னிக்க முடியாதது வேறொன்று.

எட்டு வருஷத்துக்கு முன்பு வேலைத்தர ஆணையம் வந்தது. நாட்டில் இருக்கும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தரம். ஒன்றிலிருந்து பத்து வரை. யாரும் ஓரவஞ்சனை செய்யக் கூடாது என்பதற்காக மனிதர்கள் அதைத் தீர்மானிப்பதில்லை. ஆணையத்தின் அட்டவணை என்கிற பெரிய கணினி அமைப்பு தீர்மானிக்கும். சம்பளம், வீடு ஒதுக்கீடு, பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம், மருத்துவமனை வரிசை எல்லாமே அந்தத் தரத்தை ஒட்டித்தான். அமலியின் கணவன் செபஸ்தியான் தானாகவே ஓடும் பள்ளி வேனில் முன்சீட்டில் உட்கார்ந்துபோய் வருவான். வாகன மேற்பார்வை, தரம் நான்கு. உறை மாட்டிக்கொண்டு வால்வு தைக்கும் ஆண்கள் தரம் ஐந்து. வெறும் கையால் வால்வு தைக்கும் பெண்கள் தரம் இரண்டு.

இரண்டாம் தரத்தில் இன்னொரு விதியும் உண்டு. நாற்பத்தைந்து வயதானால் நுண்ணோக்கியை விட்டு எழுந்துவிட வேண்டும். அதன்பிறகு துப்புரவுப் பிரிவு. ஐந்தாம் தரத்துக்கு அறுபது வரை வேலை. ஆண்கள் தைத்துக் கெடுத்த வால்வுகளைப் பிரித்துத் திருப்பித் தைக்க இரண்டாம் தரத்துக்குத்தான் அனுப்புவார்கள். அமலிக்கு அப்போது நாற்பத்து மூன்று.

அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ரத்னம்மாவிடம் சொன்னாள். தளி பக்கத்து ஊர்க்காரி ரத்னம்மா. இருவரும் பதினேழு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து இருக்கை. 

"உன் நொண்டி விரலக்கூட விட்டு வைக்கலையா?" என்றாள் ரத்னம்மா. "மனு போடுடி. நான் வந்து சாட்சி சொல்றேன்."

ஆணையத்தின் மண்டல அலுவலகம் கிருஷ்ணகிரியில் இருந்தது. விசாரணை அறையில் குளிர் தூக்கலாக இருந்தது. நடுவில் தலைவர், நரைத்த மீசை, கனிவான குரல். வலப்பக்கம் கம்பெனி சார்பில் நாகநாதன். இடப்பக்கம் அட்டவணையை இயக்கும் அதிகாரி, சாருலதா என்று பெயர்ப்பலகை. முப்பத்தைந்து வயதுப் பெண். தலைவர் அமலிக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"அம்மா, உங்க கைத்திறமையை இங்க யாருமே மறுக்கலை" என்றார். "ஆனா அது உங்களுக்கு இயல்பா வந்தது. பெண்களுக்கு விரல் மெல்லிசு, பொறுமை ஜாஸ்தி. இயல்புத் திறன்னு அட்டவணையில தனிப் பிரிவே இருக்கு. இயல்பா வர்றதுக்கு உயர்ந்த தரம் குடுக்க முடியாது, பாருங்க. மயில் நல்லா ஆடுதுன்னு மயிலுக்கு சர்டிபிகேட் குடுக்கறோமா?"

"நான் பொறக்கும்போதே வால்வு தைச்சிக்கிட்டா சார் பொறந்தேன்?" என்றாள் அமலி. "மொத ரெண்டு வருஷம் நான் கிழிச்ச சவ்வெல்லாம் சேர்த்தா இந்த ரூமை ரொப்பலாம். சூபர்வைசர் திட்டாத நாளு கெடையாது. கத்துக்கிட்டுதான் செஞ்சேன்."

"அது அனுபவம். அனுபவம் வேற, பயிற்சி வேற. பயிற்சின்னா ஆரம்பத் தேதி, முடிஞ்ச தேதி, பாடத்திட்டம், தேர்வு எல்லாம் இருக்கணும். அந்தப் பசங்க ஒண்ணுமே தெரியாம உள்ள வந்து ஆறு மாசம் கஷ்டப்பட்டு இந்தத் திறனை அடையறாங்க. அட்டவணை அந்தத் தூரத்தைத்தான் அளக்குது."

"அவங்க விரலை இழுக்கறதே என் விரலு சார்."

தலைவர் சாருலதாவைப் பார்த்துத் தலையசைத்தார். விரலை இழுக்காமல் பதிவு மட்டும் செய்யும் ஒரு உறையைக் கொண்டுவந்து அமலிக்கு மாட்டினார்கள். மேசையில் நுண்ணோக்கி, ஊசி, சவ்வு. தைத்துக் காட்டச் சொன்னார்கள். தைத்தாள். திரையில் இரண்டு கோடுகள் ஓடின. ஒன்று கம்பெனியின் தரநிலை அசைவு, இன்னொன்று அவள் கை. சில இடங்களில் அவள் கோடு கொஞ்சம் முந்திப்போனது. மற்றபடி ஒன்றின்மேல் ஒன்று படிந்து ஒரே கோடாகத் தெரிந்தன. ஏழு தையல் முடிந்து சுண்டுவிரல் தட்டியபோது இரண்டு கோடுகளும் சேர்ந்து குதித்தன.

ரத்னம்மா பின் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள். "பாத்தீங்களா? இதுக்கு மேல என்னா சாட்சி வேணும்? இவ அந்தப் பதிவு செஞ்சப்ப பக்கத்து சீட்ல நான்தான் உக்காந்திருந்தேன்!"

தலைவர் திரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"பிரமாதம்!" என்றார். "கம்பெனியோட தரநிலையை இவ்வளவு அழகா உள்வாங்கியிருக்கீங்க. பக்கத்துக் கூடத்துல பாத்துப் பாத்தே வந்திருக்கு இல்லையா? இதைத்தான் நான் இயல்புத் திறன்னு சொல்றேன்."

நாகநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். அந்த அசைவுத் தொகுப்பு கம்பெனியின் சொத்து என்றும், அனுமதியில்லாமல் அதைப் பயன்படுத்துவது குற்றம் என்றும், ஆனாலும் ஒரு ஏழைத் தொழிலாளி என்பதால் கம்பெனி அதைப் பெரிதுபடுத்த விரும்பவில்லை என்றும் சொன்னார். தலைவர் அவருடைய பெருந்தன்மையைப் பாராட்டினார்.

அமலி உறையைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"ஒரு விஷயம் தெளிவாச் சொல்லிடறேன்" என்றார் தலைவர். "சட்டத்துல பெண்களுக்குத் தடை எதுவுமே கெடையாது. நீங்களும் உறைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். முடிச்சா உங்களுக்கும் தரம் அஞ்சு. யாரும் தடுக்க மாட்டாங்க."

வெளியே வந்தபோது சாருலதா மட்டும் படிக்கட்டு வரை வந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் திரும்பிப் போனாள்.

மறுநாள் ரத்னம்மாவின் இருக்கையில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். ரத்னம்மாவைப் பெட்டி அடுக்கும் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். காரணம் எதுவும் எழுதியிருக்கவில்லை.

அமலி விண்ணப்பித்தாள். செபஸ்தியான், "எதுக்குடி இந்த மானங்கெட்ட வேலை? உனக்கே உன் வேலையைச் சொல்லித்தரப் போறானுங்களா?" என்று கேட்டான். "நாப்பத்தஞ்சுல தொடப்பத்தை எடுக்கறதுக்கு இது தேவலை" என்றாள்.

உறைகள் எல்லாம் ஆண்களின் கை அளவுக்குச் செய்தவை. விரல் நுனிகளில் பஞ்சு அடைத்து அவளுக்கு மாட்டினான் திவாகர். அவன் அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

"அக்கா, உங்களுக்கு நான் என்னத்தைச் சொல்லித்தர்றது?"

"சம்பளம் வாங்கற இல்ல? சொல்லிக்குடு."

உறை உயிர் பெற்று அவள் விரலை இழுத்தது. அந்த நிமிஷத்தில் அவள் உடம்பே கூசியது. முப்பத்தோரு வயது அமலி, செத்துப்போய்த் திரும்பி வந்தவளைப்போல, அவள் தோலுக்குள் கையை நுழைத்து அவளை ஆட்டினாள். அதைவிட மோசம் ஒன்று இருந்தது. இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அமலியின் கை மாறியிருந்தது. முன்பு மூன்று அசைவில் போட்ட முடிச்சை இப்போது இரண்டில் போடுவாள். வளையத்தின் உட்பக்கம் திரும்புகிற இடத்தில் ஊசியைச் சாய்க்கும் விதமே வேறு. அப்படிப் போட்டால் நூல் நெளியாது. ஆனால் அவள் தன் வழியில் போட்டபோதெல்லாம் உறை உறுமி விரலைப் பின்னுக்கு இழுத்தது. திரையில் சிவப்பு எழுத்தில் வந்தது: பிழை.

"பழைய மாதிரியே போடுங்கக்கா" என்றான் திவாகர் தாழ்ந்த குரலில். "இல்லேன்னா பாஸ் பண்ண விடாது."

ஆறு மாதத்தில் அவள் தன் கையை மறந்தாள். மெதுவாக, மூன்று அசைவில் முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டாள். தேர்வில் முதலாவதாக வந்தாள். சான்றிதழுக்கு முன் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். 'பயிற்சிக்கு முன் இத்துறையில் இருந்த திறன்' என்ற இடத்தில் 'ஏதுமில்லை' என்று முன்கூட்டியே அச்சடித்திருந்தது. கையெழுத்துப் போட்டாள். ஐந்தாம் தரத்துக்கு வந்த முதல் பெண் என்று அவள் படத்தைத் தொழிற்சாலை வாசலில் பெரிதாக வைத்தார்கள். படத்தில் சுண்டுவிரலைச் சரிசெய்து நேராக்கியிருந்தார்கள்.

அதன்பிறகு பெண்கள் வரத் தொடங்கினார்கள். ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி. பயிற்சியில் சேர மூத்த ஐந்தாம் தரப் பணியாளர் ஒருவர் பரிந்துரைக் கையெழுத்துப் போட வேண்டும்; பெண்களின் படிவமெல்லாம் அமலியிடம்தான் வந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் போட்டாள். ஜெனிஃபர், சுகுணா, தேன்மொழி என்று பதினான்கு மாதத்தில் பயிற்சியாளர்களையும் சேர்த்து உறைப் பட்டியலில் இருந்த நூறு பேரில் நாற்பது பேர் பெண்கள். கணவனை இழந்த ஜெனிஃபருக்குத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வீடு கிடைத்தது. அவள் அம்மாவுக்கு மருத்துவமனையில் உடனே இடம் கிடைத்தது. அமலிக்கு அந்தப் படிவத்தின் கசப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருந்த நேரம் அது.

ஒருநாள் மதியம் ஆணையத்தின் ஆண்டு ஆய்வுக்காகச் சாருலதா வந்தாள். வேலை முடிந்ததும் அமலியைத் தனியாகக் கூப்பிட்டு, சவ்வு வைக்கும் குளிர் அறைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கே சொல்லியிருக்கணும். இன்னும் ஒரு பொண்ணு இந்தப் பட்டியலுக்கு வந்தா உங்க வேலை ரெண்டாந் தரத்துக்குப் போயிடும்."

"என்னா மேடம் சொல்றீங்க?"

"பெண்கள் நாப்பது சதவீதத்தைத் தாண்டின வேலையை அட்டவணை தானாவே இயல்புத் திறன் பிரிவுக்கு மாத்திடும்."

"அப்படி ஒரு விதியை எவன் போட்டான்?"

"யாரும் போடலைம்மா. அதான் கொடுமையே." சாருலதா சுவரில் சாய்ந்துகொண்டாள். "அட்டவணைக்கு எண்பது வருஷத்து வேலைக் கணக்கைக் குடுத்து, நீயே பாத்துக் கத்துக்கோன்னு விட்டாங்க. அது பாத்துச்சு. எந்தெந்த வேலைக்குப் பொம்பளைங்க நெறைய வந்தாங்களோ, அந்த வேலைக்கெல்லாம் மதிப்புக் கொறைஞ்சிருக்கு. டைப் அடிக்கறதுலேர்ந்து பள்ளிக்கூடத்துல பாடம் எடுக்கறது வரைக்கும். ஏன்னு அதுக்குத் தெரியாது. பொம்பளைங்க செய்ய ஆரம்பிச்சா அது சுலபமான வேலைன்னு அதுவா முடிவு பண்ணிக்கிச்சு. நாம இத்தனை காலமா செஞ்சதைத்தான் அது நமக்குத் திருப்பிச் செய்யுது."

"நீங்க பெரிய அதிகாரி. மேல சொல்லக் கூடாதா?"

சாருலதா சிரித்தாள். பார்க்க நன்றாக இல்லாத சிரிப்பு. "அட்டவணை இயக்குற வேலைக்கு ரொம்பப் பொண்ணுங்க வந்துட்டோம். போன ஏப்ரல்ல என் பதவியை ஏழுலேர்ந்து நாலுக்கு இறக்கிடுச்சு. நான் எழுதற கடிதத்தை இப்ப மேல யாரும் பிரிச்சுப் பாக்கறதே இல்லை."

அன்றைக்கு அமலியின் மேசை இழுப்பறையில் ஒரு படிவம் இருந்தது. ரத்னம்மாவுடையது.

சாட்சி சொன்னதற்குத் தண்டனையாக ஒன்றரை வருஷத்துக்கு மேல் பெட்டி அடுக்கிவிட்டு, அப்போதுதான் ரத்னம்மா இருக்கைக்குத் திரும்பியிருந்தாள். நாற்பத்தைந்து ஆக நான்கு மாதம் பாக்கி. அதற்குள் பயிற்சியில் சேர்ந்துவிட்டால் வயது விதி பாதிக்காது. "உன் கையெழுத்துக்காகத்தாண்டி காத்திருந்தேன்" என்று சொல்லிச் சிரித்தபடி அவள் படிவத்தைக் கொடுத்துப் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது.

செய்தி எப்படியோ பரவிவிட்டது. மறுநாள் கேண்டீனில் சுகுணாவும் தேன்மொழியும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரும் அமலியின் மேசையைச் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள். ஜெனிஃபர்தான் பேசினாள்.

"அக்கா, ஒருத்தருக்காக நாப்பது பேரா?"

"யாரைச் சொல்றன்னு தெரிஞ்சுதான் பேசறியா? அவ வந்து சாட்சி சொல்லலேன்னா எனக்கு மனு போடற தைரியமே வந்திருக்காது. நான் வரலேன்னா நீங்க யாரும் இங்க உக்காந்திருக்க மாட்டீங்க. சொல்ல வெக்கமா இல்ல உனக்கு?"

"இருக்குக்கா" என்றாள் ஜெனிஃபர். அவள் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் பார்வையைத் திருப்பவில்லை. "ரொம்ப வெக்கமா இருக்கு. ஆனா எங்கம்மாவை ஆஸ்பத்திரியிலேர்ந்து எறக்கித் தரையில படுக்க வெக்கச் சொல்றீங்களா? தரம் போச்சுன்னா அடுத்த நாளே கட்டிலைக் காலி பண்ணச் சொல்லுவாங்க."

யாரும் சாப்பிடவில்லை. தேன்மொழி மெல்லக் கேட்டாள்: "உங்களுக்கும் நாப்பத்தஞ்சு தாண்டிடுச்சு இல்லக்கா? ரெண்டாந் தரம் ஆச்சுன்னா உங்களையும்தானே எழுப்பி விட்ருவாங்க?"

 அதை அமலி ஏற்கனவே நினைத்துப் பார்த்திருந்தாள். சாருலதா சொல்லி முடிக்கும் முன்பே, முதலாவதாக, அதைத்தான் நினைத்திருந்தாள்.

அந்த வாரம் முழுக்க அவள் ரத்னம்மாவின் கண்ணில் படாமல் நடமாடினாள். பஸ்ஸில் முன்னால் ஏறி உட்கார்ந்தாள். இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் படிவத்தின்மேல் வேறு காகிதத்தை வைத்து மூடினாள். ரத்னம்மாவிடம் என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள். உன் கை நடுங்குகிறது என்று சொல்லலாம். கண் பரிசோதனையில் சந்தேகம் என்று சொல்லலாம். அவள் மூளை இப்படி ஒவ்வொன்றாக எடுத்து நீட்டியது. ஒவ்வொன்றும் நன்றாகவே இருந்தது. தன்னிடம் இவ்வளவு பொய்ச் சரக்கு இருக்கிறதா என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. கிருஷ்ணகிரியில் தண்ணீர் கொடுத்துவிட்டு மயிலைப் பற்றிப் பேசிய அந்தக் கனிவான குரலில்தான் அந்தப் பொய்கள் எல்லாம் அவளுக்குக் கேட்டன.

சனிக்கிழமை காலை, ஷிப்டு தொடங்குவதற்கு முன்னால், உடை மாற்றும் அறையில் ரத்னம்மா அவளைப் பிடித்துவிட்டாள். அறையில் வேறு யாரும் இல்லை.

"என்னா, ஆளையே காணோம்?"

"வேலைடி. ஏற்றுமதி அவசரம்."

"சரி விடு. நான் சொல்ல வந்ததைச் சொல்லிடறேன்." ரத்னம்மா பெஞ்சில் உட்கார்ந்து தலையில் வலைத்தொப்பியை மாட்டிக்கொண்டே பேசினாள். "அந்தப் பாரத்தைக் கிழிச்சுப் போட்ரு. எனக்கு வேணாம். ஜெனிஃபர் பொண்ணு வீட்டுக்கே வந்து கால்ல விழுந்துச்சு. அவங்கம்மாவையும் போய்ப் பாத்தேன். எனக்கென்னா, பொண்ணைக் கட்டிக் குடுத்துட்டேன். வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் நெலம் இருக்கு. எப்படியோ போயிடும். நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத."

"அப்பாடா" என்றாள் அமலி.

மனதுக்குள் சொன்னதாகத்தான் நினைத்தாள். வாய்விட்டுச் சொல்லியிருந்தாள். அறையில் அது தெளிவாகக் கேட்டது.

ரத்னம்மாவின் கை தொப்பியிலேயே நின்றது. அவள் அமலியை ஒருமுறை பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருக்கலாம். முன்பின் தெரியாத ஆளிடம் வழி கேட்கப் போய், வேண்டாம் என்று விட்டுவிடுகிறவள் பார்ப்பதைப்போலப் பார்த்தாள்.

"ஷிப்டுக்கு நேரமாச்சு, போ" என்றாள்.

அமலி கழிவறைக்குப் போனாள். வாயைக் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பினாள். பிறகு இழுப்பறையிலிருந்து படிவத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று நினைத்தாள். மத்தியானம் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் படிவத்தைக் கிழித்தாள்.

நான்கு மாதம் கழித்து ரத்னம்மா துப்புரவுப் பிரிவுக்குப் போனாள்.

அதற்கு மூன்று மாதத்துக்குப் பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை, திவாகர் வேலையை விட்டான். வெளிநாட்டில் இருந்த ஒரு வால்வுக் கம்பெனி அவனைப் பயிற்சியாளராக எடுத்துக்கொண்டது. அமலியிடம் வந்து, "போய்ட்டு வரேங்க்கா. எல்லாம் உங்களாலதான்" என்று சொல்லி விடைபெற்றான். அவளும் நன்றாக இரு என்று வாழ்த்தி அனுப்பினாள். அவன் போவதில் எந்த ஆபத்தும் அவளுக்குத் தோன்றவில்லை. இத்தனை மாதமும் நாற்பது பேரும் பெண்களை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கூடிவிடக் கூடாது என்று வாசலைக் காவல் காத்தார்கள். ஓர் ஆண் குறையலாம் என்பது யார் நினைப்பிலும் இல்லை.

திங்கட்கிழமை காலை அறிவிப்புத் திரையில் இருந்தது. உறைப் பட்டியலில் மொத்தம் தொண்ணூற்றொன்பது பேர், அதில் பெண்கள் நாற்பது. நாற்பது சதவீதத்தைத் தாண்டிவிட்டபடியால் உறைவழி வால்வுத் தையல் இன்று முதல் இயல்புத் திறன், தரம் இரண்டு. அதற்குக் கீழேயே இன்னொரு அறிவிப்பு. ஆண் பணியாளர்கள் ஐம்பத்தொன்பது பேரும் 'உறை ஒருங்கிணைப்பாளர்' என்ற புதிய பதவிக்கு மாற்றப்படுகிறார்கள். தரம் ஐந்து. வேலையில் மாற்றமில்லை.

"நாங்களும் அதே வேலைதான சார் செய்யறோம்? எங்களையும் ஒருங்கிணைப்பாளரா ஆக்குங்க" என்று சுகுணா நாகநாதனிடம் கத்தினாள்.

"தாராளமா விண்ணப்பிக்கலாமே" என்றார் நாகநாதன். "அதுக்குன்னு ஒரு பயிற்சி வருது. பெண்களுக்குத் தடை எதுவும் கெடையாது."

ஜெனிஃபர் சுவரோரமாகக் குந்தி உட்கார்ந்து யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தாள். மறுமுனையில் எடுக்கவில்லை போலிருக்கிறது. மறுபடி மறுபடி போட்டாள். வயது கடந்தவர்கள் பட்டியல் தனியாக வந்தது. அதில் அமலியின் பெயர் முதலில் இருந்தது. நாளையிலிருந்து துப்புரவுப் பிரிவு.

அமலி நேராகக் கீழ்த்தளத்துக்குப் போனாள். ரத்னம்மா சவ்வு கழுவும் கூடத்தின் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அங்கே தண்ணீரோடு மாட்டுக் கொழுப்பும் ரத்த வாடையும் எப்போதும் தேங்கியிருக்கும். அமலி வாசலில் நின்று, நடந்ததைச் சொன்னாள். திவாகர் போனது, நாற்பது சதவீதத்தைத் தாண்டியது, எல்லாம். ரத்னம்மா துடைப்பதை நிறுத்தாமலே கேட்டாள்.

"அப்ப எவ்ளோ நாளு கெடைச்சுது உங்களுக்கு?"

"ஏழு மாசம்."

"ஏழு மாசம்" என்று ரத்னம்மா திருப்பிச் சொன்னாள். வாளியில் துணியை முக்கி, இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிந்தாள். அழுக்குத் தண்ணீர் கொட்டி முடியும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரத்னா..." என்று அமலி ஓரடி உள்ளே வைத்தாள்.

"நாளைக்குத்தான உனக்கு டூட்டி? நாளைக்கு வா" என்றாள் ரத்னம்மா. "இப்ப தள்ளி நில்லு. தரை ஈரமா இருக்கு."